கார்ட்டூனிஸ்ட் வந்து தங்கினால் கடலோரக் கல்லூரிக்கு என்ன கிடைக்கும்?

தொண்டியில் கடலியல் படிக்கும் என் அக்கா மகள் போன மாதம் போனில் கேட்டாள். “மாமா, அமெரிக்காவுல ஒரு யுனிவர்சிட்டியில கார்ட்டூன் போடுற ஒருத்தரைக் கூப்பிட்டு ஒரு செமஸ்டர் பூரா தங்க வச்சாங்களாம். அவங்க ப்ரொபசரும் இல்லையாம். படம் போடுறவங்களுக்கு யுனிவர்சிட்டியில என்ன மாமா வேலை?”

அன்றைக்கு இரண்டு வரியில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது. இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது, எப்படி நடக்கிறது, நம் ராமநாதபுரம் கடற்கரைக்கு அது ஏன் தேவை என்று நினைக்கிறேன் என்பதையெல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் ‘ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ்’ என்பார்கள். தமிழில் ‘வருகைதரு கலைஞர்’ என்று எழுதினால் வருகை நிற்கிறது, தங்குவது விழுந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு உயிரே தங்குவதில்தான் இருக்கிறது. ‘தங்கு கலைஞர்’ என்று வைத்துக்கொள்வோம். காதுக்குப் புதிதாக இருந்தாலும் பொருள் சரியாக இருக்கிறது.

நம் கல்லூரிகளுக்குச் சிறப்பு விருந்தினர் எப்படி வருவார் என்பது எல்லாருக்கும் தெரியும். விடியக் காலையில் மதுரையிலிருந்து கார் கிளம்பும். பதினொரு மணிக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து, பொன்னாடை, நினைவுப் பரிசு. ஒரு மணி நேரப் பேச்சு, சாப்பாடு, குரூப் போட்டோ. மூன்று மணிக்குக் கார் திரும்பிவிடும். அதற்கும் ஒரு பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வந்தவர் ஊரைப் பார்த்திருக்க மாட்டார், அவர் வேலை செய்வதை ஊரும் பார்த்திருக்காது. தங்கு கலைஞருக்கு வளாகத்துக்குள் ஓர் அறை கொடுப்பார்கள். சில வாரமோ ஒரு பருவமோ அங்கேயே இருந்து தன் சொந்த வேலையைச் செய்வார். அறைக்கதவு திறந்திருக்கும். மாணவர்கள் உள்ளே வரலாம், பக்கத்தில் உட்காரலாம், ஒரு படம் ஆறு தடவை அழிக்கப்பட்டு ஏழாவது தடவை சரியாக வருவதைக் கண்ணால் பார்க்கலாம். வாரத்தில் ஒரு வகுப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இதற்கு நல்ல முன்னோடி ஒன்று இருக்கிறது. 1936-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் ஜான் ஸ்டூவர்ட் கர்ரி என்ற ஓவியரை அமர்த்தியது. அந்த நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தங்கு கலைஞர் என்ற பெயரோடு இருந்த முதல் ஆள் அவர் என்கிறார்கள். அவரை வைத்துக்கொண்டது நுண்கலைத் துறை என்றுதான் யாரும் நினைப்பார்கள். வைத்துக்கொண்டது வேளாண்மைக் கல்லூரி. அதன் தலைவராக இருந்த கிறிஸ் கிறிஸ்டென்சன், டென்மார்க்கின் நாட்டுப்புற உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர். விவசாயி பிள்ளைகளுக்குப் பயிர், மாடு பற்றிய படிப்போடு இலக்கியமும் பாட்டும் சேர்த்துக் கொடுக்கும் பள்ளிகள் அவை. கர்ரியும் கான்சாஸ் மாநிலத்தில் பண்ணை வீட்டில் பிறந்தவர். அவருக்கு வகுப்பு எடுக்கும் கடமை கிடையாது. வளாகத்தில் ஓர் ஓவியக்கூடம் இருந்தது. அப்புறம் கிராமங்களுக்குப் போவார். யாரிடமும் முறையாகக் கற்காமல் வீட்டில் படம் வரையும் விவசாயிகளைத் தேடிப் பிடிப்பார், அவர்கள் படத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுவார். கிராமத்து ஓவியர்களுக்கென்று அங்கே கண்காட்சிகள் நடந்தன. 1946-ல் இறக்கும்வரை அவர் அந்த வேலையில் இருந்தார்.

படம் போடுபவரை வேளாண்மைக் கல்லூரியில் உட்கார வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நுண்கலைத் துறையில் இருக்கும் பிள்ளைகள் எப்படியும் ஓவியரைப் பார்ப்பார்கள். மண்ணைப் படிப்பவனும் மாட்டைப் படிப்பவனும் பார்க்க மாட்டார்கள். கலைஞருக்கும் அப்படித்தான், தன் தொழிலுக்குள்ளேயே இருந்தால் புதிதாக எதுவும் கண்ணில் படாது.

என் அக்கா மகள் கேள்விப்பட்டதும் அதே பல்கலைக்கழகம்தான் என்று பிறகு தெரிந்தது. 2012-ல் அங்கே தங்கு கலைஞராக வந்தவர் லிண்டா பேரி என்ற பெண் கார்ட்டூனிஸ்ட். 1979 முதல் சுமார் முப்பது ஆண்டுகள் வாரப் பத்திரிகைகளில் படத்தொடர் வரைந்தவர். அவர் நடத்திய வகுப்பில் எந்தத் துறை மாணவரும் சேரலாம். வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சின்ன வயதில் வரைவதை விட்டுவிட்டவர்களின் கோட்டில்தான் உயிர் இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. ஒரு பருவத்துக்கு வந்தவரை அந்தப் பல்கலைக்கழகம் விடவில்லை, மறு ஆண்டே ஆசிரியராக அமர்த்திக்கொண்டது. அதன் பிறகு அவர் செய்த ஒரு காரியம் மனதிலேயே நிற்கிறது. ஆய்வில் முட்டிக்கொண்டு நின்ற முனைவர் பட்ட மாணவர்களை நான்கு வயதுக் குழந்தைகளோடு ஜோடி சேர்த்து உட்கார வைத்தார். குழந்தை வரையும், ஆய்வாளரும் வரைவார். குழந்தையைக் கூட்டாளி ஆய்வாளர் என்றே மதித்து நடத்தினார். ஒரு கேள்வியை வேறு பக்கத்திலிருந்து பார்க்க அது அவர்களைப் பழக்கியது.

மருத்துவத்திலும் இது நடக்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் மைக்கேல் கிரீன் என்ற மருத்துவர் 2009 முதல் மருத்துவ மாணவர்களுக்குக் காமிக்ஸ் வகுப்பு நடத்துகிறார். நோயாளியோடு நடந்த ஒரு சந்திப்பை அவர்கள் கட்டம் கட்டமாக வரைகிறார்கள். வரையும்போதுதான் அந்த அறையில் தான் எங்கே நின்றோம், நோயாளி எந்தப் பக்கம் பார்த்தார் என்பது நினைவுக்கு வரும்.

இந்தியாவில் காகிதத்தில் வழி இருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையில் உயர்கல்வி நிறுவனங்கள் தங்கு கலைஞர்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2023-ல் அதற்கான வழிகாட்டுதலையும் வெளியிட்டது. அந்தக் கொள்கையோடு தமிழ்நாட்டுக்கு இருக்கும் வழக்கு தனி, அதற்குள் இங்கே போகவில்லை. நல்ல கலைஞரை அழைத்துத் தங்க வைக்க எந்தக் கொள்கைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

சரி, நம் கரைக்கு வருவோம்.

படத்தைக் கட்டம் பிரித்துக் கதை சொல்வது இந்த ஊருக்குப் பழைய சங்கதி. ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் என்ற மண்டபம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் அதன் சுவரெல்லாம் ஓவியம் தீட்டினார்கள். பாதிப் பேர் அதை வேகமாகச் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். நின்று பார்க்க வேண்டிய இடம் அது. ராமாயணமும் பாகவதமும் வரிசை வரிசையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி தொடங்குவதைக் கண் தானாகவே பிடித்துக்கொள்கிறது. படத்தோடு எழுத்தும் உண்டு. சாமிக் கதைக்குப் பக்கத்திலேயே அன்றைய நடப்பும் இருக்கிறது. தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை, மன்னரைப் பார்க்க வந்த ஐரோப்பியர்கள் எல்லாம் அந்தச் சுவரில் இடம்பிடித்திருக்கிறார்கள். அந்த ஐரோப்பியர்களின் தொப்பியையும் உடுப்பையும் பார்த்தால், வரைந்தவர் அவர்களை நேரில் உற்றுப் பார்த்திருப்பார் என்றே தோன்றும். இங்கே வரும் எந்தக் கார்ட்டூனிஸ்ட்டும் முதல் நாளை அந்த மண்டபத்தில் செலவிட வேண்டும்.

அடுத்த முன்னோடி அச்சில் வந்தது. 1906-ல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்டார். இதழ் புதுச்சேரிக்குப் போன பிறகும், 1910-ல் நிற்கும்வரை அது தொடர்ந்தது. தமிழ்ப் பத்திரிகையில் கார்ட்டூன் நிலையான இடம் பிடித்தது அங்கேதான். வரைந்த கை வேறொருவருடையது, கருத்து பாரதியுடையது, படத்துக்கு விளக்கமும் கூடவே அச்சாகும். ஒரு விஷயம் தெரிந்தவரும் ஒரு கோடு தெரிந்தவரும் சேர்ந்து வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நூறு வருஷத்துக்கு முந்தைய உதாரணம் அது. கடலியல் ஆய்வாளரும் கார்ட்டூனிஸ்ட்டும் சேர்வதற்கு இதைவிட வேறு முன்மாதிரி தேட வேண்டியதில்லை.

‘கருத்துப்படம்’ என்ற சொல்லையே நானும் விரும்புகிறேன். ‘கேலிச்சித்திரம்’ என்றால் கேலி செய்யத்தான் வந்திருக்கிறார் என்று ஆகிவிடுகிறது. கேலி அதன் ஒரு பங்கு. பத்துப் பக்கத்து விஷயத்தை ஒரு சதுரத்துக்குள் அடக்கி, பார்த்தவுடன் புரிய வைப்பது மீதிப் பங்கு.

இந்தக் கரையில் அப்படி அடக்கவேண்டிய விஷயங்கள் கிடக்கின்றன. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21. 1986-ல் தேசியப் பூங்கா ஆனது, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. அந்த 21-ல் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுற்றியிருந்த பவளப்பாறையைப் பல்லாண்டு வெட்டியெடுத்தது அதற்கு முக்கியக் காரணம். மிச்சமிருக்கும் பவளம் வெப்பத்தில் வெளுக்கிறது, 2010-லும் 2016-லும் பெரிய அளவில் வெளுத்தது. வெளுப்பது என்றால் என்ன? பவள உயிரியின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வைத்து அது சமைக்கும் சாப்பாட்டில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. நிறமும் பெரிதும் அந்தப் பாசியால் வருவதுதான். கடல் சூடாகி அந்தச் சூடு வாரக்கணக்கில் நீடித்தால் பவளம் தன் குடித்தனக்காரரை வெளியே தள்ளிவிடுகிறது. வீடு வெள்ளையாகிறது. சீக்கிரம் சூடு தணிந்தால் பாசி திரும்பும். இல்லாவிட்டால் வீட்டுக்காரர் பட்டினியில் சாவார். இதை நான் ஏழெட்டு வாக்கியத்தில் எழுதிவிட்டேன். மூன்று கட்டத்தில் வரைந்து ஏர்வாடியிலும் பெரியபட்டினத்திலும் ஒட்டினால், வளைகுடாவில் வலை போடுகிற ஒவ்வொருவரும் அரை நிமிடத்தில் வாங்கிக்கொள்வார்கள். இங்கே கேமராவுக்கு ஓர் எல்லை உண்டு. வெளுத்த பவளத்தைப் படமெடுக்கலாம், உள்ளே நடக்கும் சண்டையை எடுக்க முடியாது. கோடு அங்கேயும் போகும்.

கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிக்கிறார்கள். மாதத்தில் 12 நாள்தான் போவது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு விருது கொடுத்தது. தேசியப் பூங்கா விதிகள் ஒரு பக்கம், வயிற்றுப்பாடு ஒரு பக்கம், நடுவில் அவர்கள். பூங்காவைப் பற்றிய அறிக்கைகளில் இந்தப் பெண்கள் பெரும்பாலும் ஒரு வரியாக வருகிறார்கள். ஒரு மாதம் அவர்களோடு போய்வரும் ஒருவர் வரைந்தால் அந்த வரிக்கு முகம் வரும்.

இனி எல்லைக்கோடு. தங்குவதற்கும் வந்துபோவதற்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. பாக் நீரிணையில் 1974-லும் மன்னார் வளைகுடாவில் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் எல்லை போட்டுக்கொண்டன. “கடல்ல கோடா போட்டிருக்கு?” என்று கரையில் கேட்பார்கள். இந்த விஷயத்தில் வரும் கார்ட்டூன்களைப் பல வருடமாகக் கவனித்து வருகிறேன். ஒரு படகு, ஒரு துப்பாக்கி, ஒரு கண்ணீர்த் துளி, டெல்லியைப் பார்த்துக் கைநீட்டும் ஒரு மீனவர். துயரம் உண்மை, அந்தப் படத்தில் பொய் இல்லை. ஆனால் ஊருக்கு வராமலே அதை வரைந்துவிடலாம்.

ஊரில் தங்கினால் வேறு பலதும் தெரியவரும். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. இந்தக் கணக்கு ஏன் வந்தது என்று கேட்டால், விசைப்படகுகளின் இழுவலை நாட்டுப்படகுக்காரர் வலையை அறுத்த பழைய சண்டைகள் வெளியே வரும். அதே இழுவலையால் யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்களின் வலையும் அறுபடுகிறது என்பதும் பேச்சில் வரும். இலங்கை 2017-ல் இழுவலையைச் சட்டம் போட்டே தடை செய்தது. கூலிக்குப் போகிற ஆளுக்கும் படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் இதில் நிலைமை ஒன்றாக இருப்பதில்லை. கைதாவது பெரும்பாலும் கூலிக்குப் போனவர், படகை இழப்பது சம்மாட்டி. கைதான வீட்டில் மஞ்சள் பையில் மனுவை வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைவது அந்த வீட்டுப் பெண். இத்தனையையும் கேட்ட ஒருவரால் துப்பாக்கியையும் கண்ணீரையும் மட்டும் வரைந்துவிட்டுத் தூங்க முடியாது. அதற்காகத்தான் அவர் இங்கே தங்க வேண்டும் என்கிறேன்.

எங்கே தங்குவது? காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் மற்றும் கடலோரப் பகுதி ஆய்வுத் துறை தொண்டி வளாகத்தில் இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. 1947-ல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு 1971 வரை தலைமையகமே மண்டபம்தான், பிறகுதான் கொச்சிக்குப் போனது. கர்ரிக்கு வேளாண்மைக் கல்லூரி எப்படியோ அப்படித்தான் ஒரு கருத்துப்பட ஓவியருக்கு இந்த இரண்டு இடமும். இந்தத் துறைகளுக்குக் கோடு புதிதும் இல்லை. மீன் இனங்களைப் பிரித்தறிய இன்றைக்கும் கோட்டுப்படத்தைத்தான் புரட்டுகிறார்கள். செதில் எத்தனை வரிசை, துடுப்பு முள் எத்தனை என்று காட்ட போட்டோவைவிட அது வசதி.

வந்தவர் முதல் வாரத்தில் எதையும் படைக்க வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவுமாக ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்தால் போதும். என் அப்பா தேவிபட்டினத்தில் மீன் வியாபாரம் செய்தவர். அவரோடு கரைக்குப் போன நாட்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். யாராவது மணலில் குச்சியால் ஒரு படகை வரைந்தால் சுற்றி நான்கு பேர் சேர்ந்துவிடுவார்கள். “அணியம் இவ்வளவு தூக்கலா இருக்காதுய்யா” என்று ஒருவர் குச்சியை வாங்கிப் படகின் முன்பக்கத்தைத் திருத்துவார். வாடைக்காற்று எந்தப் பக்கம் அடிக்கும், வலை எங்கே விழும் என்று இன்னொருவர் கோடு இழுப்பார். கேள்வித்தாளோடு போகும் ஆய்வு மாணவருக்கு இந்தப் பேச்சு கிடைக்காது. கேள்வித்தாளைப் பார்த்ததும் மக்கள் பதில் சொல்லும் முறைக்கு மாறிவிடுகிறார்கள். தப்பாக வரைந்த ஒரு படகைப் பார்த்தால் சொல்லிக்கொடுக்கும் முறைக்கு வந்துவிடுகிறார்கள். மாணவர்கள் அந்த ஓவியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கும் அது கிடைக்கும். என் அக்கா மகளின் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

முடிவில் என்ன கையில் இருக்கும்? பெரிய சுவரோவியம் ஒன்று வேண்டும் என்று நிர்வாகம் ஆசைப்படும். திறப்பு விழாவுக்கு வசதி. என் விருப்பம் வேறு. டெல்லியைச் சேர்ந்த வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா என்ற அமைப்பு பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஒரு முறை இருக்கிறது. இரண்டு ஏ4 தாளை ஒட்டி, நான்கு கட்டத்தில் ஒரு கதை. கறுப்பு வெள்ளை. வரைபவர் தொழில்முறை ஓவியர் அல்ல, அந்த ஊர்க்காரரே. வரைந்ததை ஜெராக்ஸ் எடுத்து டீக்கடை, பஸ் நிறுத்தம், பள்ளிச் சுவர் என்று ஒட்டிவிடுவார்கள். முதல் கட்டத்தில் ஆளும் இடமும், நடுவில் இரண்டு கட்டத்தில் சிக்கல் முற்றுவது, கடைசிக் கட்டத்தில் திருப்பம். பேச்சுக் குமிழுக்குள் எழுத்தை முதலில் எழுதிவிட்டுப் பிறகு படம் வரைவது நல்லது, இல்லாவிட்டால் எழுத்துக்கு இடம் போதாது. இந்த அளவு கற்றுக்கொள்ள இரண்டு மூன்று நாள் போதும். ஓவியர் திரும்பிப்போன பிறகும் இந்தக் கைப்பழக்கம் மாணவர்களிடமும் பாசி எடுக்கும் பெண்களிடமும் இருக்கும். நான்கு கட்டத்தை வெளியூர்க்காரர் வரைந்தால் அதைப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா வரைந்தால் நின்று படிப்பார்கள், சண்டை போடுவார்கள், “இது நம்ம கதைல்ல” என்பார்கள்.

அப்புறம் பயம். பல்கலைக்கழகங்கள் கார்ட்டூனிஸ்ட்டை அழைக்கத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காக அதன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பி சில நாளில் விடுதலை ஆனார். வழக்குப் போட்டு, 1994-ல் உயர் நீதிமன்றத்தில் 1,000 ரூபாய் இழப்பீடு பெற்றார். 2012-ல் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா, முதலமைச்சரைப் பற்றிய ஒரு கார்ட்டூனை மின்னஞ்சலில் அனுப்பியதற்காகக் கைதானார். அவர் மேல் போட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே உச்ச நீதிமன்றம் 2015-ல் ரத்து செய்துவிட்டது. அப்படியும் அவர் வழக்கிலிருந்து முழுதாக வெளியே வர 2023 ஆனது. 2017-ல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்ததைப் பற்றி வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானதும் நமக்கு மறக்கவில்லை. கச்சத்தீவும் கடற்படையும் அன்றாடப் பேச்சாக இருக்கும் ஒரு மாவட்டத்தில் எந்த நிர்வாகமும் இரண்டு முறை யோசிக்கத்தான் செய்யும்.

யோசிக்கட்டும். ஆனால் ‘வெளியிடுவதற்கு முன் எல்லாப் படத்தையும் காட்ட வேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் எழுதினால் அந்த ஆளை அழைக்காமலே இருக்கலாம். ஆறு வாரம் ஊரில் தங்கியவர் கடைசியில் ஆமையும் சங்கும் வரைந்து கொடுத்துவிட்டுப் போவார். வளாகத்தின் பெயரில் வெளியாவது எது, ஓவியரின் சொந்தப் பெயரில் வெளியாவது எது என்று முதலிலேயே பிரித்துக்கொள்வதுதான் நேர்மையான வழி. வளாகத்தின் பெயரில் வருவதற்கு இருவரும் சம்மதிக்க வேண்டும். அவர் பெயரில் வருவதற்கு அவரே பொறுப்பு, அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

பதிப்புரிமையும் இப்படித்தான், கடைசி நாளில் பேசினால் மனக்கசப்பில் முடியும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒருவர் ஊழியராக இருந்து வேலையின் பகுதியாகச் செய்யும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமை வேலை கொடுத்தவருக்கு. தங்கு கலைஞர் ஊழியர் அல்ல என்று எழுத்தில் இருக்க வேண்டும். மூலப்படமும் உரிமையும் அவருக்கு, பாடத்துக்கும் சுவரொட்டிக்கும் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி வளாகத்துக்கு என்று இரண்டு வரி போதும். கரையில் இருப்பவர்களுக்கும் ஓர் உரிமை உண்டு. வழக்கில் இருக்கும் மீனவரின் முகம் அடையாளம் தெரியும்படி ஒரு படத்தில் வந்தால் பாதிப்பு ஓவியருக்கு வராது, அந்த வீட்டுக்குத்தான் வரும். முகத்தை மாற்றலாம், படகின் எண்ணை விட்டுவிடலாம். அந்த வீட்டாரிடம் படத்தைக் காட்டிக் கேட்டுவிடலாம்.

எப்போது வருவது என்பதற்கும் நம் கரையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பலகை மாற்றுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். கையில் காசு குறைவாகவும் பேச நேரம் அதிகமாகவும் இருக்கும் காலம் அது. ஆனால் அப்போது கல்லூரியில் பரிட்சையும் விடுமுறையும் வந்துவிடும். ஆகவே மார்ச் நடுவில் வந்து ஒரு மாதம் மாணவர்களோடும், தடை தொடங்கியதும் இரண்டு மூன்று வாரம் கரையோடும் இருப்பதுதான் சரியாக வரும். வருபவர் தாளை மட்டும் தகர டப்பாவில் வைத்துக்கொள்ளட்டும். இங்கத்திய உப்புக்காற்றில் ஒரே ராத்திரியில் தாள் நமுத்து மை ஊறிவிடும்.

இதையெல்லாம் அக்கா மகளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், “எனக்கு ஏப்ரல் கடைசியில பரிட்சை முடிஞ்சிரும் மாமா. அந்த மாதிரி யாராச்சும் வந்தா காரங்காட்டு அலையாத்திக்காட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். அவருக்கு நண்டு வரையத் தெரியுமான்னு மட்டும் கேட்டு வையி” என்றாள்.